உங்கள் வண்டியின் பிக்கப் எவ்வளவு? கம்ப்யூட்டரில் கணக்கிடுவோம்!

ஓசூர் சிப்காட் பகுதியில் ஷிப்ட் முடியும் நேரத்தில் டீக்கடை முன் நின்றால் கட்டாயம் ஒரு வார்த்தை காதில் விழும். அதுதான் பிக்கப். "அந்த வண்டி நல்ல பிக்கப்", "மைலேஜ் ஓகே, பிக்கப் தான் இல்லை" என்று ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். வியப்பில்லை. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்த ஊர் இது. இன்று டி.வி.எஸ். பைக்குகள், ஏத்தர் மின்சார ஸ்கூட்டர்கள், அசோக் லேலண்டு லாரிகள் ஓசூரில் தயாராகின்றன. இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை இருக்கிறது.

பிக்கப் என்று நாம் சொல்வதை ஒன்பதாம் வகுப்புப் பாடப் புத்தகம் முடுக்கம் என்று சொல்கிறது. அதைக் கணக்கிட ஒரே ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் போதும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, எக்ஸெல் எதற்கு என்று யோசித்துக் கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல முதல் பயிற்சி. ஸ்கூட்டர் விளம்பரத்தில் தொடங்கி, நம் நெடுஞ்சாலையில் உயிர் காக்கும் ஒரு கணக்கில் முடிப்போம். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்; போதும்.

முடுக்கம் என்றால் என்ன?

வேகம் என்பது வண்டி எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பது. முடுக்கம் என்பது அந்த வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது. இந்த இரண்டையும் குழப்பிக் கொள்வதுதான் முதல் தவறு. கிருஷ்ணகிரி நோக்கி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரே சீராக நேர்ச்சாலையில் செல்லும் பஸ்சின் முடுக்கம் பூஜ்யம். பஸ் ஸ்டாண்டிலிருந்து மெல்ல நகரத் தொடங்கும் பஸ்சுக்கு முடுக்கம் உண்டு.

பாடப் புத்தகம் வேகம் என்று சொல்லாமல் திசைவேகம் என்று சொல்லும். திசை மாறினாலும் முடுக்கம் உண்டு என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். வளைவில் பஸ் திரும்பும்போது நாம் ஒரு பக்கம் சாய்வது அதனால்தான். இந்தக் கட்டுரையில் நேர்ச்சாலையை மட்டும் எடுத்துக் கொள்வோம். அப்போது வேகத்தை வைத்தே கணக்குப் போடலாம்.

சூத்திரம் இதுதான்: முடுக்கம் = (இறுதி வேகம் - தொடக்க வேகம்) / எடுத்துக் கொண்ட நேரம்.

வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதினால், முடுக்கத்தின் அலகு "மீட்டர் / விநாடி²" ஆகும். ஒவ்வொரு விநாடியும் வேகம் எத்தனை மீட்டர்/விநாடி கூடுகிறது என்பதே இதன் பொருள். அலகைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது தவறு நடக்கும் இடம் இங்கேதான். நம் வண்டியின் மீட்டர் கி.மீ./மணி என்று காட்டுகிறது. நமக்குத் தேவை மீட்டர்/விநாடி. ஒரு கி.மீ. என்பது 1000 மீட்டர். ஒரு மணி என்பது 3600 விநாடி. எனவே கி.மீ./மணியை 3.6 ஆல் வகுத்தால் மீட்டர்/விநாடி கிடைக்கும். 40 கி.மீ./மணி என்பது 11.11 மீட்டர்/விநாடி. 3.6 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

எக்ஸெல்லைத் திறப்போம்

எக்ஸெல் புரோகிராமைத் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். உங்களிடம் எக்ஸெல் இல்லை என்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அதில் உள்ள கால்க் புரோகிராமிலும் இதே பார்முலாக்கள் அப்படியே வேலை செய்யும்.

கட்டம் கட்டமாகத் தெரிவதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே ஆங்கில எழுத்துகளும், இடது பக்கம் எண்களும் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் அந்தச் செல்லின் முகவரி கிடைக்கும். இந்தக் கட்டுரையில் ஏ, பி, சி, டி, இ என்று தமிழில் அச்சிட்டுள்ளோம். டைப் செய்கையில் அவற்றை ஆங்கில எழுத்துகளாகவே டைப் செய்திட வேண்டும்.

முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளைத் தாருங்கள். ஏ1-ல் வண்டி, பி1-ல் தொடக்க வேகம், சி1-ல் இறுதி வேகம், டி1-ல் விநாடி, இ1-ல் முடுக்கம்.

இனி வண்டிகளை நிரப்புவோம். கீழே உள்ளவை, இந்த வண்டிகள் வெளிவந்த காலத்தில் நிறுவனங்களே அறிவித்த எண்கள். பின்னர் வந்த மாடல்களுக்கு இவை பொருந்தாது.

டி.வி.எஸ். ஐகியூப் (2020): 0 முதல் 40 கி.மீ., 4.2 விநாடி.
ஏத்தர் 450எக்ஸ் (2020): 0 முதல் 40 கி.மீ., 3.3 விநாடி.
ஓலா எஸ்1 புரோ (2021): 0 முதல் 40 கி.மீ., 3.0 விநாடி.
ஏத்தர் 450 ஏபெக்ஸ் (2024): 0 முதல் 40 கி.மீ., 2.9 விநாடி.
டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்ஆர் 310 (2017): 0 முதல் 60 கி.மீ., 2.93 விநாடி.

எண்களை மட்டும் டைப் செய்யுங்கள். "40 கி.மீ." என்று சேர்த்து டைப் செய்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக் கொள்ளாது, வெறும் எழுத்தாகவே பார்க்கும்.

இப்போது இ2 செல்லில் கிளிக் செய்து கீழ்க்காணும் பார்முலாவை டைப் செய்து என்டர் அழுத்துங்கள்.

=(சி2-பி2)/3.6/டி2

முதலில் வரும் சமக் குறி மிக முக்கியம். அதைப் போட்டால்தான் இது கணக்கு என்பது எக்ஸெல்லுக்குத் தெரியும். ஐகியூபுக்கு 2.65 (தசமத்திற்குப் பின் இன்னும் சில எண்களுடன்) என விடை கிடைக்கும்.

அடுத்த நான்கு வண்டிகளுக்கும் மீண்டும் பார்முலா டைப் செய்ய வேண்டுமா? வேண்டாம். இ2 செல்லைத் தேர்ந்தெடுத்தால் அதன் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் ஒன்று தெரியும். மவுஸை அங்கே கொண்டு சென்றால் கர்சர் மெல்லிய கூட்டல் குறியாக மாறும். இடது பட்டனை அழுத்தியபடியே இ6 வரை கீழே இழுத்து விடுங்கள். எக்ஸெல் ஒவ்வொரு வரிசைக்கும் செல் முகவரியைத் தானே மாற்றிக் கொண்டு விடை தரும். ஏத்தர் 450எக்ஸ் 3.37, ஓலா எஸ்1 புரோ 3.70, ஏபெக்ஸ் 3.83, அப்பாச்சி 5.69.

விளம்பரம் சொல்லாததை எக்ஸெல் சொல்கிறது

பட்டியலில் கடைசி இரண்டு வண்டிகளைப் பாருங்கள். ஒன்றுக்கு 2.9 விநாடி, மற்றதற்கு 2.93 விநாடி. விநாடியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் முதல் வண்டி அந்த நேரத்தில் 40-ஐ எட்டுகிறது. இரண்டாவது வண்டி 60-ஐ எட்டுகிறது. முடுக்கத்தில் ஒன்றரை மடங்கு வித்தியாசம். எந்த விளம்பரத்திலும் விநாடியைப் பார்த்தவுடன், "எத்தனையிலிருந்து எத்தனை வரை?" என்று கேளுங்கள். வேக மாற்றம், நேரம் இரண்டும் இல்லாமல் முடுக்கம் இல்லை.

விடை சரிதானா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. கையிலிருந்து நழுவும் கல் பூமியை நோக்கி 9.8 மீட்டர்/விநாடி² முடுக்கத்தில் விழுகிறது. 3.6 ஆல் வகுக்க மறந்து 40-ஐ 3.3 ஆல் வகுத்தால் விடை 12.1 வரும். அதாவது உங்கள் ஸ்கூட்டர், விழும் கல்லை விட வேகமாக முடுக்கம் பெறுகிறது என்று பொருள்! சாலையில் ஓடும் ஸ்கூட்டருக்கு 9.8-ஐத் தாண்டிய விடை வந்தால் அலகில் எங்கோ கோட்டை விட்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் தவறான கணக்கையும் தயங்காமல் போட்டுத் தரும். விடையைச் சந்தேகிப்பது நம் வேலை.

சராசரி நம்மை ஏமாற்றும்

மேலே பார்த்தது எல்லாம் சராசரி முடுக்கம். உண்மையில் வண்டி எல்லா விநாடியிலும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. இதைப் பார்க்க ஒரு பஸ் பயணம் போதும்.

அடுத்த முறை பஸ்சில் போகும்போது மொபைல் போனில் ஜி.பி.எஸ். மூலம் வேகம் காட்டும் அப்ளிகேஷன் ஒன்றைத் திறந்து, இரண்டு விநாடிக்கு ஒரு முறை வேகத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். திரையை வீடியோவாகப் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இன்னும் எளிது. ஒரு எச்சரிக்கை: இதைப் பயணியாக உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். வண்டி ஓட்டும்போது போன் பையிலேயே இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக, பஸ் புறப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் வரை இந்த எண்கள் கிடைத்தன என்று வைத்துக் கொள்வோம்.

விநாடி: 0, 2, 4, 6, 8, 10, 12, 14, 16, 18
வேகம் (கி.மீ./மணி): 0, 12, 22, 30, 36, 40, 40, 26, 10, 0

அதே ஒர்க்புக்கில், கீழே உள்ள கூட்டல் குறியில் கிளிக் செய்து புதிய ஷீட் ஒன்றைத் திறந்திடுங்கள். ஏ1-ல் விநாடி, பி1-ல் வேகம், சி1-ல் முடுக்கம் எனத் தலைப்பிட்டு, எண்களை இரண்டாவது வரிசையிலிருந்து மேலிருந்து கீழாக நிரப்புங்கள். இந்த முறை பார்முலாவைச் சி2-ல் தரக்கூடாது. சி3-ல் தர வேண்டும். காரணம், முதல் அளவுக்கு முன்னால் கழிக்க எந்த அளவும் இல்லை.

=(பி3-பி2)/3.6/(ஏ3-ஏ2)

இதைச் சி11 வரை இழுத்து விடுங்கள். கிடைக்கும் விடைகள்: 1.67, 1.39, 1.11, 0.83, 0.56, 0, -1.94, -2.22, -1.39.

இந்த ஒன்பது எண்களைக் கதை போலப் படிக்கலாம். முதல் 10 விநாடியும் வேகம் கூடிக் கொண்டே போகிறது; ஆனால் முடுக்கம் குறைந்து கொண்டே வருகிறது. பஸ் அதிகபட்ச வேகமான 40-ல் சீராக ஓடும்போது முடுக்கம் பூஜ்யம். பிறகு டிரைவர் பிரேக் போடுகிறார். விடை கழித்தல் குறியுடன் வருகிறது. இதனை எதிர் முடுக்கம் என்பார்கள். நின்றுகொண்டு வருபவர்கள் முன்னால் சாயும் நேரம் இதுதான்.

இப்போது முதல் அளவையும் கடைசி அளவையும் மட்டும் எடுத்துச் சராசரி பாருங்கள். தொடக்கத்தில் 0, முடிவில் 0. எனவே 18 விநாடிக்கும் சராசரி முடுக்கம் பூஜ்யம்! கணக்கில் பிழை இல்லை. ஆனால் கம்பியைப் பிடித்துத் தொங்கிய பயணியிடம் சொன்னால் சிரிப்பார். எவ்வளவு நேரத்துக்குச் சராசரி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து உண்மை தெரியும் அல்லது மறையும்.

அப்படியானால் ஒவ்வொரு விநாடிக்கும், அரை விநாடிக்கும் அளந்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே என்று கேட்கலாம். போனில் தெரியும் வேகம் ஒன்றிரண்டு கி.மீ. முன்னே பின்னே ஆடும். ஒரு விநாடி இடைவெளியில் 1 கி.மீ. பிழை வந்தாலே முடுக்கத்தில் 0.28 பிழை வரும். அரை விநாடி என்றால் அது இரு மடங்கு. எனவே கையால் குறித்துக் கொள்ளும் நமக்கு 2 விநாடி இடைவெளி ஏற்றது.

எண்கள் அலுப்பாக இருந்தால் படமாகப் பாருங்கள். ஏ, பி நெட்டு வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, இன்ஸர்ட் டேப்பில் கிளிக் செய்து, சார்ட் வகைகளில் கோட்டுடன் கூடிய ஸ்கேட்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் முடுக்கம் அதிகம். படுத்திருக்கும் இடத்தில் பூஜ்யம். இறங்கும் இடத்தில் எதிர் முடுக்கம். வேக வரைபடத்தின் சரிவுதான் முடுக்கம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இப்போது கண் முன்னே தெரியும்.

வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

பிக்கப் பற்றிப் பேசும் நாம் பிரேக் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஓசூரில் இருந்து ஜூஜூவாடி, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்கும், இந்தப் பக்கம் சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் டூ வீலரில் வேலைக்குப் போகிறவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் லாரிகள்தான். அங்கே எதிர் முடுக்கம்தான் நம்மைக் காப்பாற்ற வேண்டும்.

மூன்றாவது ஷீட்டைத் திறந்திடுங்கள். ஏ1-ல் "சுதாரிக்கும் நேரம்" என்று எழுதி, பி1-ல் 1.5 எனத் தாருங்கள். ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, கை அல்லது கால் பிரேக்கை அழுத்தும் வரை ஆகும் நேரம் இது. ஏ2-ல் "பிரேக்" என்று எழுதி, பி2-ல் 5 எனத் தாருங்கள். காய்ந்த சாலையில் ஓரளவு அழுத்திப் பிரேக் போட்டால் கிடைக்கும் எதிர் முடுக்கமாக இதை வைத்துக் கொள்வோம்.

நான்காவது வரிசையில் வேகம், சுதாரிக்கும் தூரம், பிரேக் தூரம், மொத்தம் என்று தலைப்புகள். ஏ5 முதல் ஏ8 வரை 40, 60, 80, 100 என வேகங்களை நிரப்புங்கள். பிறகு இந்த மூன்று பார்முலாக்கள்.

பி5-ல்: =ஏ5/3.6*$பி$1
சி5-ல்: =(ஏ5/3.6)^2/(2*$பி$2)
டி5-ல்: =பி5+சி5

^ என்ற குறி ஷிப்ட் கீயுடன் 6-ஐ அழுத்தினால் கிடைக்கும். வர்க்கம் என்று பொருள். $ குறி எதற்கு? பார்முலாவைக் கீழே இழுக்கும்போது எக்ஸெல் முகவரியை மாற்றும் என்று பார்த்தோம். பி1, பி2 ஆகிய இரண்டு செல்களும் எல்லா வரிசைக்கும் பொதுவானவை. அவை மாறக் கூடாது. $ போட்டால் அந்த முகவரி அப்படியே நிற்கும்.

இரண்டாவது பார்முலா எப்படி வந்தது? வண்டி நிற்க ஆகும் நேரம் = வேகம் / எதிர் முடுக்கம். அந்த நேரத்தில் வேகம் சீராகக் குறைந்து பூஜ்யம் ஆவதால், சராசரி வேகம் பாதி. பாதி வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம். அவ்வளவுதான்.

பார்முலாக்களை எட்டாவது வரிசை வரை இழுத்து விட்டால் கிடைப்பவை:

40 கி.மீ.: 16.7 + 12.3 = 29.0 மீட்டர்
60 கி.மீ.: 25.0 + 27.8 = 52.8 மீட்டர்
80 கி.மீ.: 33.3 + 49.4 = 82.7 மீட்டர்
100 கி.மீ.: 41.7 + 77.2 = 118.8 மீட்டர்

(தனித்தனியே முழுமையாக்கியதால் கடைசி இலக்கம் சற்று மாறித் தெரியலாம்.)

40-க்கும் 80-க்கும் உள்ள பிரேக் தூரத்தைப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கு. தூரம் நான்கு மடங்கு. 80 கி.மீ. வேகத்தில், பிரேக்கைத் தொடும் முன்பே வண்டி 33 மீட்டர் ஓடிவிடுகிறது. முன்னால் செல்லும் லாரிக்கு 20 மீட்டர் பின்னால் ஒட்டிக் கொண்டு போனால், அது எதன் மீதாவது மோதிச் சட்டென்று நின்ற நொடியில் எந்தப் பிரேக்கும் உதவாது.

இப்போது மழை பெய்யட்டும். பி2-ல் 5-ஐ அழித்து 3 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். எல்லா விடைகளும் ஒரே நேரத்தில் மாறும். 80 கி.மீ. வேகத்தில் நிற்க 115.6 மீட்டர் தேவை. எக்ஸெல்லின் உண்மையான பயன் இதுதான். ஒரு செல்லை மாற்றி "இப்படி நடந்தால் என்ன ஆகும்?" என்று கேட்கலாம். கால்குலேட்டரில் ஒவ்வொன்றையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

0.3 என்ற சின்ன எண்

கடைசியாக ஒரு கணக்கு. இதே நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரியையும் தர்மபுரியையும் தாண்டிச் சேலம் நோக்கிப் போனால் தொப்பூர் கணவாய் வரும். வளைவுகளுடன் கூடிய நீண்ட இறக்கம். 2020 டிசம்பரில் இங்கே ஒரு லாரி முன்னால் இருந்த வாகனங்கள் மீது அடுத்தடுத்து மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் நடந்த இன்னொரு தொடர் விபத்திலும் நான்கு உயிர்கள் போயின. இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் உருள விடாதீர்கள் என்று லாரி டிரைவர்களைப் போலீசார் பல முறை எச்சரித்திருக்கிறார்கள். டீசல் மிச்சமாகும் என்று சிலர் அப்படிச் செய்வதுண்டு. அதில் என்ன ஆபத்து என்பதை நம் எக்ஸெல் சொல்லட்டும்.

100 மீட்டருக்கு 4 மீட்டர் இறங்கும் ஒரு சாலையை எடுத்துக் கொள்வோம். புவி ஈர்ப்பில் 100-க்கு 4 பங்கு, அதாவது 9.8 x 0.04 = 0.39 மீட்டர்/விநாடி² முடுக்கம் லாரியை முன்னால் தள்ளும். டயர் உராய்வு, காற்று ஆகியவற்றுக்குக் கொஞ்சம் கழித்து 0.3 என்று வைப்போம். ஸ்கூட்டரின் 3.37 உடன் ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கேபினில் உட்கார்ந்திருப்பவர் இதை உணர்வதே கடினம்.

நான்காவது ஷீட்டில், பி1-ல் தொடக்க வேகம் 40, பி2-ல் முடுக்கம் 0.3 எனத் தாருங்கள். ஏ5 முதல் ஏ11 வரை 0, 10, 20 என்று 60 விநாடி வரை நிரப்புங்கள். பி5-ல் இந்தப் பார்முலா.

=$பி$1+$பி$2*ஏ5*3.6

நம் முதல் சூத்திரத்தையே திருப்பிப் போட்டிருக்கிறோம்: வேக மாற்றம் = முடுக்கம் x நேரம். கி.மீ./மணிக்குத் திரும்ப மாற்ற வேண்டியிருப்பதால் இங்கே 3.6 ஆல் பெருக்குகிறோம். கீழே இழுத்து விட்டால் 10 விநாடியில் 50.8, 20-ல் 61.6, 30-ல் 72.4, 60-வது விநாடியில் 104.8 கி.மீ. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடும் என்பதால் கடைசி எண் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனால் கதை மாறாது. 40-ல் உருளத் தொடங்கிய லாரி ஒரே நிமிடத்தில் 100-ஐ நெருங்குகிறது. அதற்குள் அது கடந்த தூரம் சுமார் 1.2 கி.மீ. தான்.

அதன் பிறகு பிரேக்கை மிதித்தால்? பாரம் ஏற்றிய லாரியின் அத்தனை வேகமும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். தொடர்ந்து மிதிக்க மிதிக்கச் சூடேறிய பிரேக் தன் பிடியை இழக்கும். மூன்றாவது ஷீட்டுக்குப் போய், வேகத்தை 104.8 என்றும், பிரேக்கை 2 என்றும் மாற்றிப் பாருங்கள். பிரேக் தூரம் மட்டும் சுமார் 212 மீட்டர்.

சரி, கியரில் இறங்கினால் என்ன ஆகும்? குறைந்த கியரில் இருக்கும்போது இஞ்சின் வண்டியை எதிர்த்துப் பிடிக்கும். அந்தப் பிடி 0.3-ஐச் சமன் செய்தால் முடுக்கம் பூஜ்யம். நான்காவது ஷீட்டில் பி2-ஐ 0 ஆக்குங்கள். எத்தனை விநாடி போனாலும் 40 அப்படியே 40-ஆக நிற்கும். அனுபவம் உள்ள டிரைவர்கள் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பது இதற்காகத்தான். அவர்களுக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை. நமக்கு எக்ஸெல் காட்டிவிட்டது.

பிழைச் செய்தி வந்தால்

பார்முலா தந்த செல்லில் விடைக்குப் பதிலாக வேறு ஏதாவது தெரிந்தால் பதற வேண்டாம்.

#டிவ்/0! என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்தால், பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நேரம் இருக்க வேண்டிய செல் காலியாக இருக்கும்.
#வேல்யூ! என்று வந்தால், எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது. தலைப்பு வரிசையைக் கணக்கில் சேர்த்திருக்கலாம்.
##### என்று வந்தால், பிழை எதுவும் இல்லை. செல்லின் அகலம் போதவில்லை. மேலே நெட்டு வரிசை எழுத்துகளுக்கு இடையே உள்ள கோட்டில் டபுள் கிளிக் செய்திடவும்.
பார்முலாவே அப்படியே தெரிந்தால், பெரும்பாலும் முன்னால் சமக் குறியைப் போட மறந்திருப்பீர்கள்.

எல்லாம் முடிந்ததும் கன்ட்ரோல் கீயுடன் எஸ் அழுத்தி, பைலுக்கு ஒரு பெயர் தந்து சேவ் செய்திட மறக்காதீர்கள்.

வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். டூ வீலரில் வேலைக்குப் போகும் அண்ணனோ தம்பியோ இருந்தால் மூன்றாவது ஷீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். முன்னால் செல்லும் வண்டி ஒரு மரத்தையோ கம்பத்தையோ கடந்தபின் நாம் அதைக் கடக்க 3 விநாடியாவது ஆக வேண்டும் என்பது எளிய வழி. 80 கி.மீ. வேகத்தில் அது 66.7 மீட்டர் இடைவெளி. மழையில் அதையும் கூட்டிக் கொள்ள வேண்டும். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை இனி நீங்களே கணக்கிட்டுச் சொல்லலாமே!